கால் சுற்று

“இத யாரும்மா மாட்டப் போறது?”

செங்கல்பட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த உதிரிபாகக் கடையில் ஏசுபாதம் அப்படிக் கேட்டபோது, கல்லாவைச் சுற்றி நின்ற இரண்டு மெக்கானிக்குகளும் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கொடி வாயைத் திறப்பதற்குள் நாலு தடவை யோசிக்கிறவள். அன்றைக்கு யோசிக்கவில்லை.

“நான்தான்.”

“நீங்கன்னா?”

“வண்டிய ஓட்டறவ மாட்டக்கூடாதா?”

ஏசுபாதம் சிரிக்கவில்லை. பேரிங் டப்பாக்களை அடுக்கினார், ஆயில் சீலை வைத்தார், கடைசியாக விரல் நீளத்தில் ஒரு மெல்லிய இரும்புக் குழாயை எடுத்து அவள் முன்னால் நிறுத்தினார். பிறகு அதே மாதிரி இன்னொன்றையும் எடுத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

“குழா ரெண்டா எடுத்துக்கினு போங்க. ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல குந்தறது இதுதான். நட்ட இறுக்க இறுக்க இது நசுங்கிக் குடுக்கும். நசுங்குனது நசுங்குனதுதான், திரும்ப நீளாது. மொத தபா மாட்டறவங்க ஒண்ணையாச்சும் நாஸ்தி பண்ணாம வுடமாட்டாங்க.”

அவளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் இரண்டையும் வாங்கிக்கொண்டாள்.

திருக்கழுக்குன்றத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே ஏரிக்கரை ஓரத்து ஊர் அவர்களுடையது. வண்டி சின்ன லோடு வண்டிதான். புருஷன் சரவணகுமாருக்கு சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அந்தப் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வண்டி வாசலில் சும்மா நிற்கிறதே என்று பூங்கொடி ஓட்டப் பழகினாள். பழகினவள் லைசென்சும் எடுத்தாள். நாலு ஊர் கத்தரிக்காய், வெண்டைக்காய், முளைக்கீரைக் கட்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு கல்பாக்கம் டவுன்ஷிப் மார்க்கெட்டில் இறக்குவாள். மிச்சம் மாமல்லபுரத்து ஓட்டல்களுக்குப் போகும். அணுமின் நிலையத்து விஞ்ஞானிகள் சைக்கிளில் வேலைக்குப் போகிற நேரத்துக்கு அவள் முதல் நடை முடித்திருப்பாள். ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன ஒருத்திக்கு, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்கவே கூசிய ஒருத்திக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்தபின் கூச்சம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த வண்டிதான் ஊளையிட ஆரம்பித்தது. முள் ஐம்பதைத் தொட்டால் போதும், பின் அச்சிலிருந்து நாய் மாதிரி ஒரு நீள ஊளை. காலை எடுத்தால் அடங்கும். மிதித்தால் மறுபடி.

ஆடி மாதத்தில் அதைப் பிரித்துப் போட்டவர் சரவணகுமாரின் அண்ணன் ஜானகிராமன். இருபது வருஷம் டிராக்டரோடு வாழ்கிறவர். சுத்துப்பட்டில் எந்த டிராக்டரின் முன்சக்கரம் ஆடினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சக்கரத்து நட்டை முடிந்தமட்டும் இறுக்கி, பிறகு கால் சுற்றுத் தளர்த்தி, பின்னைக் குத்தி வளைத்துவிடுவார். “பேரிங்குன்னா மூச்சு வுடணும்” என்பது அவர் வாக்கு. அந்த ஊரில் ஏர் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்குக்கூட ‘இறுக்கி, கால் சுத்து வுடு’ என்பது தெரியும். முன்சக்கரத்துக்கு அது சரியான முறைதான். அந்த முறையைத்தான் அவர் லோடு வண்டியின் பின் அச்சுக்கும் வைத்தார். பூங்கொடி அன்று பக்கத்தில் நின்று துணியும் ஆயிலும் எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டே மாதத்தில் ஊளை திரும்பி வந்தது. ஜானகிராமன் டீக்கடையில் சொன்னார்: “கிளச்சு மேலயே கால வெச்சிகினு ஓட்டுனா எந்த அச்சு தாங்கும்?”

அவள் உதிரிபாகம் வாங்கி வந்த வியாழக்கிழமை சாயங்காலமே அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எத்தினி தபா பிரிச்சி மாட்டறது பூங்கொடி? வண்டி ராசியில்ல. அச்சரப்பாக்கத்துல ஒருத்தன் கேட்டுகினு கீறான். ஞாயித்துக்கெழம வரச் சொல்லிட்டேன்.”

“யாரக் கேட்டு மாமா வரச் சொன்னீங்க?”

“சரவணனத்தான்.”

சரவணகுமார் ரசத்தில் மிதந்த கறிவேப்பிலையை ஒதுக்கிக்கொண்டிருந்தான். “யோசிக்கலாம்னுதான் சொன்னேன்” என்றான்.

“ஊளதான் கொறைன்னா அத நா நிறுத்தறேன்” என்றாள் பூங்கொடி. “ஞாயித்துக்கெழம வரைக்கும் வுடுங்க.”

“நீயா? இது இன்னா வாசல்ல கோலம் போடற வேலையா?”

“கோலமும் ஒரு புள்ளி தப்புனா பேஜாருதான் மாமா.”

ஜானகிராமன் தம்பியைப் பார்த்தார். தம்பி சோற்றைப் பார்த்தான். “சரிம்மா, உன் ஆசைய கெடுப்பானேன். ஊள நிக்கலன்னா அப்புறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வண்டி போனால் அவளுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கிற நடை மட்டும் மிஞ்சும்.

வெள்ளிக்கிழமை காலை ஐப்பசி மழை ஒரு மூச்சு பெய்து விட்டிருந்தது. ஏரி நிரம்பின ஈரக்காற்று. வாசலில் நாலு சவுக்குக் கழி நட்டு மேலே தார்ப்பாய் கட்டினாள். கீழே மண் ஒட்டாமல் பழைய விளம்பர பேனரை விரித்தாள். ஜாக்கி வைத்து, பின்பக்கத்தை மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, அச்சிலிருந்து ஆயிலை வடித்தாள். ஆயில் கறுப்பாக இல்லை. வெயிலில் காட்டினால் மீன் செதில் கரைத்த மாதிரி மினுங்கியது. தேய்ந்த இரும்பு.

மாமியார் சம்பூர்ணம் கேழ்வரகுக் கூழும் வறுத்த நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள்.

“கைய கழுவிட்டுக் குடி. ஆயிலோட குடிச்சா வயித்துல ஊளையிடும்.”

“எடுக்க ஒரு கை குடுங்க அத்த.”

“எனுக்கு இன்னாடி தெரியும்?”

“தூக்கத் தெரியும் இல்ல?”

இரண்டு பேருமாகச் சேர்ந்து அச்சின் நடுவிலிருந்த பல்சக்கரக் கூட்டைத் தூக்கி, கீழே படுக்கப் போட்டிருந்த பழைய டிராக்டர் ரிம் மேல் உட்கார வைத்தார்கள். பூங்கொடி முதலில் பெரிய பல்சக்கரமான கிரவுனைக் கழற்றி, எது எந்தப் பக்கம் என்று குறி வைத்துத் தனியே எடுத்தாள். பினியன் மட்டும் கூட்டில் நின்றது. எஞ்சினிலிருந்து வரும் தண்டு சுழற்றுகிற சின்னப் பல்சக்கரம் அது. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு பேரிங் அதைத் தாங்கும். அந்த இரண்டும் அதைக் கொஞ்சம்கூட ஆடவிடாமல், ஆனால் சூடேறாமல், பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கடையில் அதற்கு ‘பிரீலோடு’ என்றார்கள். அவள் பிடி என்று வைத்துக்கொண்டாள். பேரிங் டப்பாவோடு வந்த தாளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். போனில் ஒரு வீடியோவை ஏழு தடவை பார்த்தாள். பிடி எவ்வளவு என்று பார்க்க, பினியன் முனையில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற வட்டத் தகட்டில் கயிறு சுற்றி, தராசு மாட்டி இழுக்க வேண்டும்.

“அத்த, உங்க கொக்கித் தராசக் குடுங்க.”

சம்பூர்ணம் இருபது வருஷம் புளியும் முருங்கைக்காயும் நிறுத்து விற்ற தராசு. யார் கையிலும் தரமாட்டாள். தானே எடுத்துவந்து, தானே கயிற்றில் மாட்டி, தானே இழுத்தாள். தகடு சுற்றியது.

“எவ்ளோ காட்டுது?”

“இன்னாடி காட்டும்? முள்ளு எழுந்திருக்கவே மாட்டேங்குது.”

“அதான் உங்க பெரிய புள்ள வெச்ச டைட்டு.”

“ரெண்டு மாசம் ஓடியிருக்குது. தேஞ்சிருக்கும்.”

“தேஞ்சிருக்கும். ஆனா இதப் பாருங்க.” பூங்கொடி நட்டைத் துடைத்துக் காட்டினாள். நட்டின் மேலும் தண்டின் மேலும் சிவப்புக் கோடுகள். “மாமா இறுக்கி முடிச்சப்ப நட்டு மேலயும் தண்டு மேலயும் சேத்து ஒரு கோடு போட்டேன். அப்புறம் கால் சுத்து வுட்டாரு. இப்ப ரெண்டு கோடும் எங்க கீது பாத்துக்கோங்க. அன்னிக்கே பிடி போயாச்சி. அப்புறம் ஓட ஓட ஆடி ஆடி பல்லத் தின்னுடுச்சி.”

சம்பூர்ணம் குனிந்து பார்த்தாள். கோடுகளுக்கு நடுவே அச்சாகக் கால் வட்டம்.

“நெயில் பாலீசு ஏது உனுக்கு?”

“கீர்த்தனாது.”

பெரிய மகன் ஜானகிராமன் வழிப் பேத்தியின் பேரைக் கேட்டதும் கிழவி தராசைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கருவாட்டின் தலைகளைக் கிள்ளிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

“நா சொன்னேன்னு சொல்லாத. கீர்த்தனாவப் பொண்ணு பாக்க செய்யூர்லேர்ந்து வந்தாங்க இல்ல, காபிய குடிச்சதும் மொதல்ல இன்னா கேட்டாங்க தெரியுமா? ‘லோடு வண்டி ஓட்டுதே ஒரு பொண்ணு, அது உங்க தம்பி சம்சாரமா’ன்னு கேட்டாங்களாம்.”

பூங்கொடியின் கையிலிருந்த ஸ்பேனர் நின்றது.

“மாமா இன்னா சொன்னாராம்?”

“அந்த வண்டியத்தான் குடுக்கப் போறோமேன்னாராம்.”

“கீர்த்தனா?”

“அது கெடக்குது வாயாடி. ‘எனுக்கும் சித்தி கத்துக் குடுக்குறேன்னு சொல்லிக்கீது’ன்னு உள்ளேர்ந்து கத்திச்சாம். அதோட போனவங்கதான்.”

பூங்கொடிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது. ஊளை காரணமே இல்லை. வண்டி சங்கீதம் பாடிக்கொண்டு ஓடினாலும் அவர் விற்கத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அதைச் சொல்லாமல் அவளுடைய காலையும் கிளச்சையும் பற்றி டீக்கடையில் பேசியிருக்கிறார்.

“அவனும் இன்னா பண்ணுவான்? பொண்ணப் பெத்தவன்” என்றாள் சம்பூர்ணம்.

“பொண்ணப் பெத்தவரு நேரா வந்து ‘எனுக்கு அவமானமா கீது’ன்னு சொல்லியிருக்கலாமே அத்த. என்னாண்ட வந்து அச்சு மேல பழியப் போடறாரு.”

“சொன்னா வுட்டுடுவியா?”

பூங்கொடி யோசித்தாள். “மாட்டேன். ஆனா பேசியிருப்பேன்.”

சனிக்கிழமை காலை சரவணகுமார் ஷிப்ட் முடிந்து வந்தபோது புதுப் பேரிங்குகள் உட்கார்ந்திருந்தன. முதல் குழாயும் உள்ளே போயிருந்தது. அவன் சீருடைகூட மாற்றவில்லை. சட்டையைக் கழற்றிக் கழியில் மாட்டிவிட்டு வந்து நின்றான்.

“இன்னா பண்ணணும்?”

வட்டத் தகடு சுற்றாமலிருக்க அதில் ஒரு இரும்புப் பட்டையைப் போல்ட் போட்டு முடுக்கி, அதன் மறுமுனையில் அவனை ஏறி நிற்கச் சொன்னாள். ஸ்பேனரில் ஓராள் நீளக் குழாயைச் செருகி அவள் இழுத்தாள். நட்டு அசையவில்லை. இன்னும் இழுத்தாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ‘கிர்ர்’ரென்று கொஞ்சம் கொடுத்தது. பட்டையைக் கழற்றி, பினியனைப் பத்துச் சுற்றுச் சுற்றிவிட்டு, சம்பூர்ணம் தராசை இழுத்தாள்.

“ஒண்ணுமில்ல.”

மறுபடி பட்டை, மறுபடி இழுப்பு. “ஒண்ணுமில்ல.” மறுபடி. “ஒண்ணுமில்லடி.” தார்ப்பாயில் மழை தட்ட ஆரம்பித்தது. சாரல் படாமல் பேரிங்குக்கு மேலே சம்பூர்ணம் தன் முந்தானையைப் பிடித்தாள். தாளில் போட்டிருந்த அளவை அந்தத் தகட்டுக்குக் கணக்குப் பார்த்தால் மூன்று கிலோவுக்கும் நாலுக்கும் நடுவில் முள் நிற்க வேண்டும். ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று கேட்டுக் கேட்டு பூங்கொடிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. ஆத்திரத்தோடு ஒரு இழுப்பு முழுசாக இழுத்தாள்.

தராசு முள் ஏழைத் தாண்டி நின்றது. கையால் சுற்றினால் பினியன் கெட்டிக் களியில் துடுப்புப் போட்ட மாதிரி நகர்ந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

“கால் சுத்து வுட்டுடு” என்றான் சரவணகுமார்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“வுட்டா முள்ளு மூணுல வந்து நிக்கும் பாரு. தராசு சரின்னு சொல்லிடும். நாளைக்கு ஒரு நாள் ஊளையில்லாம ஓடுனா போதும் இல்ல? அவன் வருவான், பாப்பான், போவான். அப்புறமா பொறுமையா மாத்திக்கலாம்.”

“நட்டு தளந்துடுமே. குழா நீளாது, தளந்த நட்டு எத்தப் பிடிச்சிகினு நிக்கும்? பத்து நாள்ல மறுபடி ஊள.”

“பத்து நாள் கழிச்சிதான?”

“யோவ்.” கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அம்மா முன்னால் அவனை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. “நா ஞாயித்துக்கெழமைக்கு மாட்டல. வண்டிக்கு மாட்டறேன்.”

“இன்னொரு குழாதான் கீது. அதுவும் போச்சின்னா?”

“போச்சின்னா அப்ப பாத்துக்கலாம். கழட்டு.”

சரவணகுமார் அம்மாவைப் பார்த்தான். சம்பூர்ணம் தராசைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “இருபது வருசத்துல நா ஒருத்தருக்கும் முள்ள அமுக்கி நிறுத்தினதில்ல. கழட்டு சொல்றேன்.”

கழற்றினார்கள். நசுங்கின குழாய் நடுவில் வயிறு தள்ளி வெளியே வந்தது. புதுசைப் போட்டார்கள். இந்தத் தடவை அவள் கண்ணுக்கு முன்னால் தாளையும் போனையும் வைத்துக்கொள்ளவில்லை. எவ்வளவு நேரம் ஒன்றுமில்லாமல் வரும், எந்த இடத்தில் ‘கிர்’ என்று கொடுக்கும் என்று கை கற்றுக்கொண்டிருந்தது. அது கொடுத்ததும் நிறுத்தினாள். அதற்கப்புறம் ஒவ்வொரு இழுப்பும் ஒரு விரற்கடைதான். இழு, பட்டையைக் கழற்று, பத்துச் சுற்று, தராசு.

“அர கிலோ.”

விரற்கடை.

“ஒண்ணு.”

விரற்கடை.

“ஒண்ணேகால். ஒண்ணேகால்தான்டி, ஓரமா ஆடுது.”

“சுத்திகினே இழுங்க அத்த. சுத்த ஆரம்பிக்கிறப்ப பாக்காதீங்க, ஓடறப்ப பாருங்க.”

“எனுக்கே தராசு சொல்லிக் குடுக்கிறா.”

“ரெண்டு” வந்தபோது மழை விட்டிருந்தது. சரவணகுமார் பட்டையைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து போயிருந்தான். அலுத்துக்கொள்ளவில்லை. இரண்டரை. இரண்டேமுக்கால். இனி விரற்கடைகூட அதிகம். நகக்கண் அளவுக்கு இழுத்தாள். ஸ்பேனர் குழாயின் முனையில் தன் உடம்பு முழுசும் தொங்கிக்கொண்டு, ஒரு நகக்கண் அளவோடு நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

“மூணரை” என்றாள் சம்பூர்ணம். “நிக்கிது. ஆடாம நிக்கிது.”

“போதும்.”

“தாள்ல நாலு வரைக்கும் போட்டிருக்குதே, இன்னும் கொஞ்சம்…” என்றான் சரவணகுமார்.

“போதும்ன்றேன் இல்ல? எறங்கு கீழ.”

மத்தியானத்துக்கு மேல் கிரவுனைக் குறி பார்த்து அதனதன் இடத்தில் பூட்டி, கூட்டை அச்சில் ஏற்றி, புது ஆயில் ஊற்றினார்கள். ஒருவரும் ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு ஜானகிராமன் வந்தார். அவர் பின்னால் பைக்கில் வந்தவன் அச்சரப்பாக்கத்து நிதின், நெல் வியாபாரம் பண்ணுகிறவன், சின்ன வயசு. வண்டியில் கத்தரிக்காய்க் கூடைகளும் பூசணிக்காய்களும் ஏற்றியிருந்ததைப் பார்த்து ஜானகிராமன் முகம் சுளித்தார்.

“விக்கப் போற வண்டியில எதுக்கு லோடு?”

“காலி வண்டி எல்லாம் நல்லாத்தான் ஓடும் மாமா. ஏறுங்க.”

சரவணகுமார் கதவருகே வந்தான். அண்ணனிடம் அவன் எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை. அன்றும் குரல் எழவில்லை, ஆனால் வார்த்தை வந்தது. “ஊள வந்தா வித்துடு. வரலன்னா இனிமே என்னக் கேக்காதண்ணா.”

அவன் வாசலிலேயே நின்றுகொள்ள, மற்ற மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி மாமல்லபுரம் ரோட்டில் ஏறினதும் பூங்கொடி மிதித்தாள். முப்பது. நாற்பது. பக்கத்தில் ஜானகிராமன் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்துக் காதைக் கொடுத்திருந்தார். ஐம்பது. நாற்பதிலிருந்து ஐம்பது வரைக்குமான அந்த நேரத்தில் அவள் வண்டி ஓட்டின இரண்டு வருஷமும் இருந்தது.

காற்று அடித்தது. பின்னால் ஒரு பூசணிக்காய் உருண்டு பலகையில் இடித்தது. கதவுக் கண்ணாடி தடதடத்தது. வேறொன்றுமில்லை. காலை எடுத்தாள். ஒன்றுமில்லை. மறுபடி மிதித்தாள், ஐம்பத்தைந்து, அறுபது. உப்பங்கழிப் பக்கத்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள். திறந்தால் கத்திவிடுவாள் போலிருந்தது.

“அண்ணே, எந்த எடத்துல சத்தம் வரும்னீங்க?” என்று கேட்டான் நிதின்.

ஜானகிராமன் சாய்த்திருந்த தலையை நிமிர்த்தி ரோட்டைப் பார்த்தார்.

பூஞ்சேரி கூட்டுரோட்டில் டீக்கடைக்கு முன்னால் நிறுத்தினாள். ஜானகிராமன் இறங்கினார். வேட்டியை மடித்துக்கட்டி, ஈர ரோட்டில் முட்டி போட்டு, வண்டிக்கடியில் கையை விட்டார். பிடி அதிகமாக இருந்தால் பினியன் உட்கார்ந்திருக்கிற மூக்குப் பகுதி தோசைக்கல்லாகக் கொதித்திருக்கும், கை வைக்க முடியாது. கை வைத்தார். எடுக்கவில்லை. டீ மாஸ்டர் இரண்டு டீ ஆற்றி முடிக்கிற வரைக்கும் கை அங்கேயே இருந்தது. அவர் தொழில் தெரிந்தவர். அந்தக் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

எழுந்தபோது முட்டியில் சேறு.

“நல்லாத்தானே கீது வண்டி?” என்றான் நிதின். “இத்தப் போயி எதுக்கு விக்கிறீங்க?”

“விக்கல தம்பி” என்றாள் பூங்கொடி. “அலைய வெச்சதுக்கு மன்னிச்சிக்கோ. டீ குடி.”

பிறகு அவள் ஜானகிராமன் பக்கம் திரும்பினாள். கால் சுற்றைப் பற்றி, சிவப்புக் கோட்டைப் பற்றி, டீக்கடைப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் ராத்திரி முழுக்க அடுக்கி வைத்திருந்தாள். எதையும் சொல்லவில்லை.

“மாமா, ஊளைக்காக விக்கணும்னீங்க. ஊள நின்னுபோச்சி. நீங்களே கேட்டீங்க, தொட்டும் பாத்துட்டீங்க. வேற காரணம் ஏதாச்சும் இருந்தா இப்ப இங்கயே சொல்லுங்க. நா நின்னு கேட்டுக்கிறேன். கேட்டுட்டு பதிலும் சொல்றேன்.”

அவர் உதடு ஒரு தடவை பிரிந்தது. கல்பாக்கம் பக்கமிருந்து வந்த பஸ் ஒன்று இரைந்துகொண்டு கடந்தது. அது போய் முடிகிற வரைக்கும் அவள் காத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் நீட்டிய டீ கிளாஸ் ஜானகிராமனுக்கு முன்னால் பலகையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொடவில்லை. முட்டியிலிருந்த சேற்றைத் தட்டினார், வேட்டியை இறக்கிவிட்டார், ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்ற ஷேர் ஆட்டோவில் தலையைக் குனிந்து ஏறிப் போய்விட்டார்.